அணையாத பிரேக் லைட்டும் உருவி வைத்த ஃபியூஸும்: கடலூரில் ஒரு நிகழ்வு ஆய்வு

கடலூர் செம்மண்டலம் பகுதியில் இருபது வருடத்துக்கு மேலாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். 2025 பிப்ரவரியில் என்னிடம் வந்த ஒரு காரின் கதை இது. பழுது சின்னதுதான், ஐம்பது காசு அகலம்கூட இல்லாத ஒரு ரப்பர்த் துண்டு. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் முன் ஒரு பேட்டரி மாறியது, ஒரு ஸ்விட்ச் மாறியது, ஒரு பையனின் முழங்கால் கிழிந்தது. அந்த முழங்காலில் என் பங்கும் உண்டு. அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன். வண்டிக்காரர், கடைக்காரர் யார் பெயரையும், வண்டியின் கம்பெனி பெயரையும் போடவில்லை.

பின்னணி

வண்டி, பதினோரு வருடம் ஓடிய சின்ன பெட்ரோல் கார், கையால் கியர் போடுவது. பின்னால் இரண்டு பக்கமும் பிரேக் லைட், பின்கண்ணாடிக்கு மேலே மூன்றாவதாக ஒன்று. மூன்றும் பழைய மாதிரி பல்புதான், எல்.இ.டி. கிடையாது. வண்டிக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வயது அறுபத்தாறு. வீடு ஆல்பேட்டை பக்கம். அவர் மனைவிக்கு மாதம் இரண்டு முறை, திங்கட்கிழமைகளில், புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில் பரிசோதனை. புறநோயாளிப் பிரிவில் சீக்கிரம் சீட்டு வாங்க வேண்டும் என்பதால் விடியும் முன்பே ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகாத ஒரு காலை அந்த வீட்டுக்கு என்ன பாடு என்று இதிலிருந்தே புரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த இரண்டு மூன்று நாளில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் ஆல்பேட்டை பக்கம் தெருக்களில் புகுந்தது. இவர் காரிலும் தண்ணீர் ஏறியது. வடிந்த பிறகு கார்ப்பெட்டைக் கழற்றிக் காயவைத்து, ஆயில் மாற்றி, சர்வீஸ் செய்து எடுத்துவிட்டார்கள். டிசம்பரும் ஜனவரியும் வண்டி ஒழுங்காகவே ஓடியது. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் காரில் எது கெட்டாலும், பார்த்தவர்கள் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் தண்ணீர்தான். எனக்கும் அப்படித்தான்.

முதல் இரண்டு வாரம்

பிப்ரவரி 3, திங்கட்கிழமை காலை. சாவியைத் திருப்பினால் டக் டக் என்று சத்தம் மட்டும், செல்ஃப் எடுக்கவில்லை. ஜிப்மர் போக முடியாமல் போனது. பேட்டரிக்கு மூன்று வயது ஆகிவிட்டது, ஆயுள் முடிந்தது என்று கடையில் சொல்ல, புதுசு மாற்றினார்கள். மூன்று வயது பேட்டரி போவது நம் ஊர் வெயிலில் அதிசயம் இல்லை. அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் அதே டக் டக். பேட்டரிக் கடைக்காரர் வீட்டுக்கே வந்து ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்து, மீட்டர் வைத்துப் பார்த்தார். சார்ஜிங் 14.2 வோல்ட், பேட்டரியிலும் குறை இல்லை. “வண்டியில எங்கயோ கரண்ட் போவுது சார், எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். சரியான பேச்சு. அவர் முன்பக்கம் பானெட்டைத் திறந்து நின்றார். பிரேக் லைட் பின்பக்கம், வண்டியின் பின்புறமோ காம்பவுண்டுச் சுவரை ஒட்டி. அதனால் அது எரிந்தது அவர் கண்ணில் படவில்லை.

ஆசிரியரின் மனைவி அதற்கு முந்தைய வாரமே ஒன்று சொல்லியிருக்கிறார். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது ஜன்னல் வழியாகக் காம்பவுண்டுச் சுவர் சிவப்பாகத் தெரிந்ததாம். எதிர்வீட்டில் ஏதோ சீரியல் லைட் போட்டிருப்பார்கள் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். இந்தத் தகவல் என் காதுக்கு வர மூன்று வாரம் ஆனது.

அடுத்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார். பிரேக் லைட் விடாமல் எரிவதை அங்கேதான் கண்டுபிடித்தார்கள். பிரேக் ஸ்விட்சை மாற்றினார்கள். அப்போதும் அணையவில்லை. ஸ்விட்சை முறுக்கி முறுக்கி உள்ளே இறக்கிப் பார்த்தார்கள், அதற்கும் அணையவில்லை. “வெள்ளத்துல வயரிங் போச்சு சார். பின்னாடி போற வயர் செட்டையே மாத்தணும்” என்று பதினெட்டாயிரம் ரூபாய் மதிப்பீடு கொடுத்தார்கள். அதுவரை ராத்திரியில் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றி வைக்கச் சொல்லி, ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனரையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த லைட் எவ்வளவு தின்கிறது என்று பார்ப்போம். இரண்டு பக்கமும் 21 வாட், மேலே 16 வாட், மொத்தம் 58 வாட். 12 வோல்டில் அது கிட்டத்தட்ட 4.8 ஆம்பியர். இந்தக் காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி, அதாவது 4.8 ஆம்பியர் போனால் ஏழு மணி நேரச் சொச்சம்தான் தாங்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு நிறுத்தினால் ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் பேட்டரி காலி. வண்டி முழுதாக அணைந்து நிற்கும்போது சாதாரணமாகப் போவது 20 முதல் 50 மில்லி ஆம்பியர்தான். பெரும்பாலான கார்களில் பிரேக் லைட்டுக்குச் சாவி தேவையில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாலும் அந்தச் சுற்றில் கரண்ட் தயாராக நிற்கும்.

தொலைபேசியில் நான் சொன்னது

பிப்ரவரி 15, சனிக்கிழமை சாயங்காலம் ஆசிரியர் எனக்குப் போன் செய்தார். உறவுக்காரர் ஒருவர் என் நம்பரைக் கொடுத்திருந்தார். அப்போது கடையில் இரண்டு வண்டி திறந்து கிடந்தது.

“தம்பி, தினம் ராத்திரி அந்த மைனஸைக் கழட்டி, காலைல மாட்டி, கை விட்டுப் போச்சு. வேற வழி ஏதாவது இருக்கா?”

“ஃபியூஸ் பாக்ஸ் மூடியில படம் போட்டிருக்கும் சார். ஸ்டாப்னு இருக்கிற ஃபியூஸை உருவி வச்சிடுங்க. லைட் அணைஞ்சிடும். புதன்கிழமை வண்டியைக் கொண்டாங்க, பாத்துடலாம்.”

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணங்கள் இருந்தன. பேட்டரி காப்பாற்றப்படும், வயதானவர் ஸ்பேனரோடு மல்லுக்கட்ட வேண்டாம், திங்கள் செவ்வாய் என் கடையில் இடமில்லை. நடுவில் வண்டியை எடுப்பீர்களா என்று நான் கேட்கவில்லை. ஃபியூஸ் இல்லாமல் ரோட்டில் ஏறக்கூடாது என்றும் சொல்லவில்லை. நிறுத்தி வைக்கும் வண்டிக்குத்தான் சொல்கிறோம் என்பது என் மனசில் இருந்தது, வாயில் வரவில்லை.

இன்று யோசித்தால், ஒர்க்‌ஷாப்காரர் சொன்ன டெர்மினல் முறை என்னுடையதைவிடப் பாதுகாப்பானது. அதில் வண்டி ஓடும்போது பிரேக் லைட் எரிந்துகொண்டாவது இருக்கும். எப்போதும் எரிகிற லைட்டும் ஆபத்துதான், பின்னால் வருகிறவனுக்கு நாம் எப்போது பிரேக் பிடிக்கிறோம் என்றே தெரியாது. இருந்தாலும் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்து அவன் கொஞ்சம் தள்ளி வருவான். தொல்லையான ஒரு வழியை எடுத்துவிட்டு, சுலபமாகத் தெரிந்த ஒரு ஆபத்தை அவர் கையில் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை

17ஆம் தேதி ஜிப்மர் நாள். முந்தின முறை தவறியதால் இந்த முறை எப்படியும் போக வேண்டும் என்று கிளம்பியிருக்கிறார்கள். காலை ஐந்தே கால் மணி, நல்ல இருட்டு. ரெட்டிச்சாவடி தாண்டி கன்னியகோவில் நெருங்கும்போது நாய் குறுக்கே ஓட, ஆசிரியர் பிரேக் அடித்தார். பின்னால் பால் கேனோடு பைக்கில் வந்த இளைஞர் வலது பக்க டெயில் லாம்ப் மேல் மோதி விழுந்தார்.

முழங்காலும் உள்ளங்கையும் கிழிந்தன. எலும்பு முறிவு இல்லை. ஆசிரியரே அவரைக் காரில் ஏற்றிப் பக்கத்தில் சிகிச்சைக்கு அழைத்துப் போய், தடுப்பூசி போட்டு, பாலுக்கும் பைக்குக்கும் பணம் கொடுத்துவிட்டுத்தான் மேலே போனார். பையன் சண்டை போடவில்லையாம். “பிரேக் லைட்டே எரியலையேங்க ஐயா, நீங்க போயிட்டே இருக்கீங்கன்னு நெனச்சேன்” என்று மட்டும் சொன்னானாம். இதை ஆசிரியர் என்னிடம் திருப்பிச் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை.

மதியம் திரும்பும் வழியில், தவளக்குப்பத்துக்கு இந்தப் பக்கம் ஒரு டிங்கரிங் கடையில் உடைந்த டெயில் லாம்புக்குப் பதில் வேறு மாட்டினார்கள். விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள், எரிந்தது. பிரேக் லைட்டைச் சோதிக்க வழியில்லை, ஃபியூஸ்தான் இல்லையே. அந்தக் கடையில் நடந்த ஒரு சின்னத் தவறு பிறகு என் தலையில் விழுந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் கடையில் கண்டது

புதன்கிழமை வண்டி வந்தது. ஃபியூஸைத் திரும்பச் செருகியதும் மூன்று லைட்டும் எரிந்தன. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

இந்த ஸ்விட்ச் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் சுலபம். பிரேக் பெடலின் தண்டுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் அது இருக்கும். முனையில் ஒரு பொத்தான். நாம் காலை எடுத்ததும் பெடல் மேலே வந்து அந்தப் பொத்தானை உள்ளே அழுத்தும், அப்போது கரண்ட் துண்டிக்கப்படும். பெடலை மிதித்தால் பொத்தான் விடுபட்டு வெளியே வரும், லைட் எரியும். கால் வைத்தால் அழுந்தும் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மை அதற்கு நேர் எதிர். பெடல் தண்டில் பொத்தான் வந்து படுகிற இடத்தில் ஒரு ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையை ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஆன ஒரு சின்ன ஸ்டாப்பர் மூடியிருக்கும். பொத்தானை அழுத்துவது அந்த ஸ்டாப்பர்தான்.

முதலில் பெடலைக் கையால் மேலே இழுத்துப் பார்த்தேன். பெடல் துரு பிடித்தோ, மிதியடி சிக்கியோ முழுசாக மேலே வராமல் நின்றால், இப்படி இழுக்கும்போது லைட் அணையும். அணையவில்லை.

அடுத்து ஸ்விட்சில் வயர் வந்து சேரும் கப்ளரை உருவினேன். லைட் உடனே அணைந்தது. இந்த ஒரு நிமிட வேலையில் பதினெட்டாயிரம் ரூபாய் மதிப்பீடு அடிபட்டுப் போனது. பின்னால் போகிற வயரில் எங்காவது வேறு வயரின் கரண்ட் கலந்திருந்தால், கப்ளரை உருவிய பிறகும் லைட் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் அப்போது கோளாறு ஸ்விட்சிலோ, ஸ்விட்சை அழுத்துவதிலோதான்.

கப்ளரைத் திரும்ப மாட்டி, பெடலைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பிடித்துக்கொண்டு, பொத்தானை விரலால் அழுத்தினேன். லைட் அணைந்தது. விரலை எடுத்தேன், எரிந்தது. ஸ்விட்ச் நன்றாகவே இருக்கிறது. ஆக, அழுத்த வேண்டியது அழுத்தவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். பெடல் தண்டில் வெறும் ஓட்டை. ஸ்டாப்பர் இல்லை. பொத்தான் அந்த ஓட்டைக்குள் ஜாலியாக நுழைந்து நின்றது. மிதியடிக்கு அடியில் கார்ப்பெட் மடிப்பில் விரலைவிட்டுத் துழாவியதில் பழுப்பேறிய இரண்டு துணுக்குகள் கிடைத்தன. நகத்தால் நசுக்கியதும் மாவாக உதிர்ந்தன. பக்கத்தில் நின்ற ஆசிரியரின் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “இது மாதிரி ரெண்டு மூணு நான் கூட்டித் தள்ளினேனே, ஏலக்காய்த் தோல்னு நெனச்சேன்” என்றார். அப்போதுதான் சுவர் சிவப்பாகத் தெரிந்த கதையையும் சொன்னார். இரண்டையும் முதல் நாளே யாராவது கேட்டிருந்தால் பேட்டரியும் மிஞ்சியிருக்கும், மற்றதும் நடந்திருக்காது.

வெள்ளத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்று அப்போதுதான் கேட்டேன். கார்ப்பெட் நனைந்தது, சீட் நனையவில்லை என்றார். ஸ்விட்ச் அதற்கு மேலே ஒன்றரை அடியில் இருக்கிறது. வருடக்கணக்காக வெயிலில் நின்ற காருக்குள் வெந்து வெந்து ஸ்டாப்பர் இறுகி, நொறுங்கி விழுந்திருக்கிறது. பத்து வயது தாண்டிய பல கார்களில் இது நடக்கும்.

ஆனால் இன்னொரு விஷயம் என்னைப் பயமுறுத்தியது. பெடலை விரலால் தொட்டுப் பார்த்தால் கொஞ்சம்கூட சும்மா அசையும் இடமே இல்லை. முன்சக்கர ரிம்மில் கை வைத்தேன். ஆல்பேட்டையிலிருந்து செம்மண்டலம் வரும் சின்னத் தூரத்துக்கு இருக்க வேண்டிய சூட்டைவிட எவ்வளவோ அதிகம். ஒரு வாரமாக வண்டி இழுவை குறைந்து, கருகல் வாசனை வந்ததாக ஆசிரியரும் சொன்னார். ஒர்க்‌ஷாப்பில் லைட்டை அணைக்க ஸ்விட்சை முறுக்கி இறக்கியிருந்தார்கள் அல்லவா? பொத்தான் ஓட்டைக்குள் போய்விட்டதால், ஸ்விட்சின் மரையுள்ள உடம்பே பெடல் தண்டில் முட்டி, பெடலைச் சில மில்லிமீட்டர் கீழே தள்ளி வைத்திருந்தது. யாரோ காலை லேசாக பிரேக் மேல் வைத்தபடியே ஓட்டுவது போல.

இது சாதாரண விஷயம் இல்லை. பெடல் முழுசாக மேலே வராவிட்டால், பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் திரும்பிப் போகிற சின்னத் துளை மூடியே இருக்கும். ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், போக வழி இல்லாமல் பிரேக்கை மேலும் இறுக்கும். இறுக இறுகச் சூடு இன்னும் ஏறும். நெடுந்தூரம் போனால் சக்கரம் பிடித்துக்கொள்ளலாம், ஆயில் கொதித்து பிரேக்கே பிடிக்காமலும் போகலாம். அந்தத் திங்கட்கிழமை இந்த நிலையிலேயே அவர்கள் புதுச்சேரி போய் வந்திருக்கிறார்கள்.

எடுத்த முடிவுகள்

ஸ்டாப்பர் கடலூரில் கிடைக்கவில்லை. கேட்ட கடைகளில் தனியாக வராது, பெடல் செட்டோடுதான் என்றார்கள். அவசரத்துக்கு அந்த ஓட்டையில் ஒரு சின்ன போல்ட்டைப் போட்டு நட் இறுக்குகிறவர்கள் உண்டு, காசை ஒட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. ஒட்டிய காசு ஒரு நாள் விழும், விழும் இடம் பெடலுக்கு அடியில். போல்ட் அதைவிடப் பரவாயில்லை, நடு ரோட்டில் மாட்டிக்கொண்டால் நானே போடுவேன். ஆனால் அதன் தலை பிளாஸ்டிக் பொத்தானைத் தேய்க்கும், அதிர்வில் நட் கழன்றாலும் கழலும். வண்டி எப்படியும் என் கடையில்தான் நிற்கிறது. புதுச்சேரியில் தெரிந்த உதிரிபாகக் கடையில் சொல்லி வைத்தேன். வியாழன் சாயங்காலம் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. விலை நூறு ரூபாய்க்குள்.

இதற்கிடையில் வண்டியை வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா என்று ஆசிரியர் கேட்டார். முடியாது சார் என்று சொல்லிவிட்டேன். ஆட்டோவில் போனார்கள்.

வெள்ளிக்கிழமை ஸ்விட்சின் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்விட்சை மேலே ஏற்றிவிட்டு, புது ஸ்டாப்பரை ஓட்டையில் அழுத்தி மாட்டினேன். பெடல் தானாக மேலே வந்து நின்ற பிறகு, ஸ்விட்சை மெதுவாக இறக்கி, பொத்தான் நன்றாக உள்ளே போய், மரையுள்ள உடம்புக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருக்கும்படி நிறுத்தி நட்டை இறுக்கினேன். பெடலில் சும்மா அசையும் இடம் திரும்பி வந்தது. நெல்லிக்குப்பம் ரோட்டில் ஆறேழு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தேன், சூடு ஒரே மாதிரி, கை வைத்தால் தாங்கியது. பிரேக் ஆயில் கறுத்திருந்ததால் அதையும் மாற்றினேன். முன் பிரேக் பேட் தேய்ந்திருந்தாலும் ஓட்டலாம். நிறுத்திய வண்டியில் பேட்டரிக் கரண்ட் 20 மில்லி ஆம்பியர் பக்கம் வந்து நின்றது.

கடைப் பையனைப் பின்னால் நிற்க வைத்து பெடலை மிதித்தேன். “எரியுதுண்ணே.” விட்டேன். “அணைஞ்சிடுச்சுண்ணே.” வண்டியைக் கொடுத்துவிட்டேன்.

அன்று ராத்திரியே வந்த அடுத்த போன்

எட்டு மணிக்கு ஆசிரியர் பேசினார். “தம்பி, மறுபடியும் பிரேக் லைட் எரியுது.” குரலில் கோபம் இல்லை, சோர்வு. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

இந்த முறை ஃபியூஸ் பேச்சே எடுக்கவில்லை. எப்போது எரிகிறது, எப்போது அணைகிறது என்று கேட்டேன். கேட்டுக்கு வெளியே ஹெட்லைட் போட்டதும் எரிந்தது, அணைத்ததும் அணைந்தது என்றார். வண்டியைத் தொட வேண்டாம், நான் வருகிறேன் என்று பைக்கை எடுத்தேன்.

ஹெட்லைட் அணைந்திருந்தால் எல்லாம் சரி. பார்க் லைட் நிலைக்குத் திருப்பினால் மூன்று பிரேக் லைட்டும் முழு வெளிச்சத்தில். விளக்கை அணைத்துவிட்டு பெடலை மிதித்தால் டேஷ்போர்டு வெளிச்சமும் நம்பர் பிளேட் லைட்டும் சேர்ந்து எரிந்தன. இரண்டு லைனும் எங்கேயோ ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. புதிதாக மாட்டிய வலது டெயில் லாம்பின் பல்பைக் கழற்றியதும் எல்லாம் அடங்கியது.

கையில் இருந்தது ஒற்றை இழை பல்பு. அந்த இடத்தில் இருக்க வேண்டியது இரண்டு இழை பல்பு, டெயிலுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். இரண்டு இழை பல்பின் அடியில் இரண்டு புள்ளிகள், பக்கவாட்டு முளைகள் இரண்டும் வேறு வேறு உயரத்தில் இருக்கும். ஒற்றை இழையில் நடுவே ஒரே பெரிய புள்ளி, முளைகள் ஒரே உயரம். ஹோல்டரில் ஒழுங்காகப் போகாது, பலமாக அழுத்தித் திருப்பினால் போய்விடும். போனால் அந்த ஒரே புள்ளி ஹோல்டரின் இரண்டு முனைகளையும் தொட்டு டெயில் லைனையும் பிரேக் லைனையும் இணைத்துவிடும். டிங்கரிங் கடையில் கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். பிரேக் ஃபியூஸ் உருவியிருந்ததால் பெடலை மிதித்துச் சோதிக்க அவர்களுக்கு வழியில்லை. ஆக, சனிக்கிழமை நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை இந்தப் பழுதையும் மறைத்து வைத்திருந்தது.

பகல் வெளிச்சத்தில், பார்க் லைட்டைப் போடாமல் நான் சோதித்தேன். புது டெயில் லாம்ப் மாட்டியிருப்பது கண்ணெதிரே தெரிந்தும், வேறொருவர் கை வைத்த இடம் என்று யோசித்துப் பல்பைக் கழற்றிப் பார்க்கவில்லை. சரியான பல்பைப் போட்டு, அழுத்தித் திருப்பியதில் சிதைந்த ஹோல்டரை மறுநாள் மாற்றிக் கொடுத்தேன். இரண்டாவது வேலைக்குக் காசு வாங்கவில்லை.

இப்போது மாற்றிக்கொண்டவை

பிரேக் லைட் வேலை எதுவானாலும் நான்கு நிலையில் பார்க்கிறேன்: விளக்கு அணைந்து பெடல் மேலே, விளக்கு அணைந்து பெடல் மிதித்து, பார்க் லைட் எரிந்து பெடல் மேலே, பார்க் லைட் எரிந்து பெடல் மிதித்து. நான்காவதை யாரும் பார்ப்பதில்லை. டெயில் லாம்பின் எர்த் வயர் அரித்துப் போயிருந்தால், பார்க் லைட் எரியும்போது மிதித்தவுடன் அந்தப் பக்கம் முழுசாக இருண்டுவிடும். இரண்டு இழைக்கும் கரண்ட் வருகிறது, திரும்பிப் போக வழி இல்லை, அதனால் இரண்டும் எரியாது. கடல்காற்று அடிக்கிற நம் ஊரில் எர்த் அரிப்பு சர்வ சாதாரணம். தேவனாம்பட்டினத்திலிருந்து வருகிற பைக்குகளில் பிரேக் லீவர் ஸ்விட்சே உப்பு பூத்து இறுகி, லைட் நாள் முழுக்க எரிவதையும் பார்க்கிறேன். பைக் என்றால் முன் லீவர், பின் பெடல் என்று ஸ்விட்ச் இரண்டு. ஒவ்வொன்றாக வயரை உருவிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

போனில் ஃபியூஸை உருவச் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஸ்டாப் ஃபியூஸிலேயே ஹாரனும் ஓடுகிற வண்டிகள் உண்டு, அது இன்னொரு காரணம். வேறு வழியில்லை என்றால் டெர்மினலைக் கழற்றச் சொல்கிறேன், அதோடு பழுது பார்க்கும் வரை வண்டியை எடுக்காதீர்கள் என்று சொல்லி, அவர்கள் வாயாலேயே அதைத் திருப்பிச் சொல்ல வைக்கிறேன். கடையில் ஃபியூஸ் கழற்றிய வண்டி நின்றால் ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி கட்டுகிறோம். வண்டி கொண்டு வருகிறவரிடம், இதற்கு முன் யார் யார் கை வைத்தார்கள், என்ன மாற்றினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறேன். ஓட்டுகிறவரிடம் மட்டும் கேட்பதில்லை, கூட வந்தவர்களிடமும் கேட்கிறேன். பத்து வயது தாண்டிய கார் எந்த வேலைக்கு வந்தாலும் டார்ச்சோடு குனிந்து அந்த ஸ்டாப்பரை ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்ப்போம். கல் மாதிரி இறுகியிருந்தால் உதிரும் முன்பே மாற்றிவிடுவோம்.

ஒர்க்‌ஷாப்காரரிடம் நேரில் போய்ப் பேசினேன். குறை சொல்லப் போகவில்லை. ஸ்விட்ச் இறங்கி பெடல் அழுந்தியிருந்ததையும் சக்கரம் சுட்டதையும் சொல்லி, பழைய ஸ்டாப்பரின் துணுக்கையும் காட்டினேன். முதலில் முகம் சுருங்கியது. அப்புறம் அவரே, கப்ளரைக் கழற்றிப் பார்க்காமல் வயரிங் என்று சொன்னது தப்புதான் என்றார். ஸ்டாப்பர் எங்கே கிடைத்தது என்று கடையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

பால்காரப் பையனுக்குத் தையல் பிரித்த பிறகு ஆசிரியரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஃபியூஸை உருவச் சொன்னது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். முழங்காலை மடக்கும்போது இன்னும் இழுக்கிறது, கேனைத் தூக்கச் சிரமமாக இருக்கிறது என்றார். பைக்கின் ஹெட்லைட் மங்கலாக இருந்தது. கழற்றிச் சரிசெய்து கொடுத்தேன்.

ஆகஸ்டில் அந்தக் கார் சர்வீஸுக்கு வந்தபோது ஸ்டாப்பர் இருந்த இடத்தில் இருந்தது, இடைவெளியும் மாறவில்லை. நிறுத்தி வைத்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. ஆசிரியரின் மனைவி ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் இப்போதும் அந்தச் சுவரை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் படுப்பாராம்.